கிட்டாருக்கு முந்தைய குரல்

ஜாஸ் கேட்கிறவர்கள் நடுவே ஜார்ஜ் பென்சன் பேச்சை எடுத்தால் முதலில் ஒரு பெருமூச்சுதான் வரும். "அபாரமான கிட்டார்க்காரர், பாடப் போய்க் கெட்டார்" என்று கதையை முடித்துவிடுவார்கள். இந்தக் கதைப்படி 1976 வரை ஒரு பென்சன், அதற்கப்புறம் வேறொரு பென்சன். முன்னவர் கலைஞர், பின்னவர் வியாபாரி. எழுதுகிறவர்களுக்கு வசதியான பிரிவினைதான். அவர் இசைத்தட்டுகளைப் பிறந்த வரிசையில் கேட்டால் இது நிற்காது.

2013இல் பழைய தலைமுறைப் பாடகர் நாட் கிங் கோலுக்கு அஞ்சலியாக 'இன்ஸ்பிரேஷன்' என்ற ஆல்பத்தை பென்சன் வெளியிட்டார். எழுபது வயதுக்காரர், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, விருந்தினராக டிரம்பெட் மேதை விண்டன் மார்சாலிஸ். ஆனால் ஆல்பம் தொடங்குவது அவர்கள் யாரையும் கொண்டல்ல. முதலில் வருவது 1951இல் பதிவான ஒரு துண்டு: எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கோல் பாடிப் புகழ்பெற்ற 'மோனா லிசா'வைப் பாடுகிறான். கரகரக்கும் பழைய பதிவு. அந்தச் சிறுவன்தான் பென்சன். பயமே இல்லாத குரல். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது அந்த வயதிலேயே ஓரளவு தெரிந்திருக்கிறது. பென்சனைப் பற்றி வந்த எத்தனையோ விமர்சனங்களுக்கு இந்தத் துண்டு ஒன்றே போதுமான பதில் என்பது என் எண்ணம். அதை ஆல்பத்தின் முகப்பிலேயே வைத்தது தற்செயலாக இருக்காது.

பென்சன் 1943 மார்ச்சில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் கிட்டாரின் குட்டித் தம்பியான யுகுலேலியை மீட்டிக்கொண்டு பாடிச் சில்லறை சம்பாதித்தார். எட்டு வயதில் இரவு விடுதியில் கிட்டார். பத்து வயதில் நியூயார்க்குக்குப் போய் ஆர்சிஏ விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். அந்தத் தட்டிலும் அவர் பாடகர்தான். பதின்ம வயதிலும் பாட்டோடுதான் சுற்றிக்கொண்டிருந்தார். அதாவது, உலகம் அவரை கிட்டாரிஸ்டாக அறிவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் முன்னாலேயே அவர் தொழில்முறைப் பாடகர்.

அப்படியானால் கிட்டார் எப்படி முன்னால் வந்து நின்றது? வயிற்றுப்பாடு ஒரு காரணம், ஆர்கன் இன்னொரு காரணம்.

1960களின் தொடக்கத்தில் கறுப்பினப் பகுதிகளின் மதுவிடுதிகளில் ஹேமண்ட் ஆர்கன் என்ற மின்சாரக் கட்டை வாத்தியத்தை நடுவில் வைத்த குழுக்கள்தான் ராஜா. ஆர்கன் வாசிப்பவர் கால் கட்டைகளாலேயே பேஸ் என்ற அடிச்சுர வரியை வாசித்துவிடுவார். எனவே பேஸ் கலைஞருக்குச் சம்பளம் மிச்சம். டிரம்ஸ், கிட்டார், முடிந்தால் ஒரு சாக்ஸபோன். அவ்வளவுதான் குழு. இந்த அமைப்பில் கிட்டாருக்கு வேலை ஏராளம். ஆர்கன் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது பின்னால் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கொத்துகளை, வெட்ட வேண்டும், தன் முறை வரும்போது முன்னால் வந்து கூட்டத்தை எழுப்ப வேண்டும். ஜாக் மெக்டஃப் என்ற ஆர்கன் கலைஞரின் குழுவில் சேர்ந்தபோது பென்சனுக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. புளூஸ் தெரியாதவர்களுக்கு அங்கே இடமில்லை. இரவுக்கு இரவு ஊர் மாறி வாசிக்கிற வாழ்க்கை. 1964இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் தலைப்பே அவரைப் 'புதிய பாஸ் கிட்டார்' என்று அறிவித்தது. பாஸ் என்றால் இங்கே முதலாளி. ஆர்கனில் உட்கார்ந்திருந்தது அதே மெக்டஃப்.

அடுத்து கொலம்பியா நிறுவனம். பில்லி ஹாலிடேயையும் பாப் டிலனையும் அங்கே கொண்டுவந்த ஜான் ஹேமண்ட் தயாரிப்பில் 1966, 67இல் இரண்டு ஆல்பங்கள். இவற்றை இன்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கிட்டாரின் வேகத்துக்காகக் கேட்கிறார்கள். நியாயம்தான், அந்த வயதுக்கே உரிய திமிரோடு விரல்கள் ஓடுகின்றன. ஆனால் முதல் ஆல்பத்தில் 'சம்மர்டைம்' பாட்டையும் 'எ ஃபாகி டே'யையும் அவர் வாயைத் திறந்து பாடியிருக்கிறார் என்பது பேச்சில் வருவதே இல்லை. வணிகப் பாடகராக மாறியதாகச் சொல்லப்படும் வருடத்துக்குப் பத்து வருடம் முன்னால்!

1968இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'மைல்ஸ் இன் தி ஸ்கை' ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு பென்சன் கிட்டார் வாசித்திருந்தார். அதே வருடம் ஜூனில் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி திடீரென்று காலமானார். கட்டைவிரலால் மீட்டி, ஒரே சுரத்தை மேல் கீழ் ஸ்தாயிகளில் சேர்த்து வாசித்து, அதைத் தன் முத்திரையாக்கியவர் மான்ட்கோமரி. அவரைக் கடைசியில் தயாரித்துக்கொண்டிருந்த கிரீட் டெய்லரின் கண் பென்சன் மீது விழுந்தது. மான்ட்கோமரியின் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டார். நல்ல நாற்காலிதான். ஆனால் அந்த நாற்காலியின் முன்னால் பாட ஒரு மைக் இல்லை. டெய்லர் காலத்து ஆல்பங்களிலும் பென்சன் அங்கங்கே பாடியிருக்கிறார். பீட்டில்ஸின் 'ஆபி ரோடு' வெளிவந்த கையோடு அதன் பாட்டுகளை எடுத்துச் செய்த ஆல்பம் ஓர் உதாரணம். ஆனாலும் கடைகளில் அவர் இருந்தது கிட்டார் வரிசையில்தான்.

இங்கே கொஞ்சம் நின்று, அவர் செய்வதில் என்னைக் கட்டிப்போடும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நேரத்தில் கிட்டாரில் ஒரு வரியைக் கற்பனையாக வாசித்தபடியே அதே வரியை அதே கணத்தில் வாயாலும் பாடுவது. சொற்கள் இருக்காது, தத்தகாரம் மாதிரி அசைகள் மட்டும். ஜாஸில் இதை ஸ்காட் என்பார்கள். இதை பென்சன் கண்டுபிடிக்கவில்லை. 1930களிலேயே ஸ்லாம் ஸ்டூவர்ட் என்ற பேஸ் கலைஞர் வில்லால் பேஸை இழைத்துக்கொண்டே அதே வரியை ஒரு ஸ்தாயி மேலே முனகுவார். கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கும். பென்சன் அந்த வேடிக்கையை எடுத்துவிட்டு அதைப் பேச்சு மாதிரி ஆக்கினார்.

நானும் கிட்டார் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிற ஆள்தான், மேடைக்கெல்லாம் போனதில்லை. மெதுவான ஒரு வரியைப் பாடிக்கொண்டே வாசித்துப் பார்த்தால் இதன் சிக்கல் உடனே புரியும். கிட்டார் வாசிப்பவனின் விரல்களுக்குப் பழக்கம் அதிகம். மனம் எங்கோ இருந்தாலும் விரல்கள் தெரிந்த பாதையில் ஓடிவிடும். பாட ஆரம்பித்தால் அது நடக்காது. அடுத்த சுரம் எது என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் தொண்டை அதைப் பிடிக்கும். விரலுக்கு மட்டும் தெரிந்த ஜாலங்கள் எல்லாம் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். அப்புறம் மூச்சு. கிட்டாருக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை, இடைவெளி விடாமல் நாள் முழுக்க ஓடலாம். குரல் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு மனிதனின் மூச்சளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பென்சனின் தனி ஆவர்த்தனங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் நம்மைக் களைப்பாக்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பாடாமல் வாசிக்கும்போதும் அவர் மூச்சு வாங்குகிற இடத்தில்தான் நிறுத்துகிறார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கிட்டாரின் சுரம் மீட்டிய உடனே தேய ஆரம்பித்துவிடும். குரல் நிற்கும், வளையும், பெருகும். இரண்டும் சேரும்போது தொடக்கத்தின் கூர்மையை நரம்பு தருகிறது, அதன் பின்பகுதியைக் குரல் ஏந்திக்கொள்கிறது. கட்டைகளால் சுரம் பிரிக்கப்பட்ட கிட்டார் அசையாது. குரல் ஒரு மயிரிழை கீழிருந்து வந்து அதைத் தொடும். அந்த மயிரிழையில்தான் சூடு இருக்கிறது. மேல் சுரங்களுக்குப் போகும்போது பொய்க்குரலுக்கு மாறிவிடுவார். மாறிய இடம் தெரியாது.

விரல் பக்கமும் சாதாரணமில்லை. நரம்பை மீட்டும் சிறு தகடான பிக்கை அவர் பிடிக்கும் கோணமே தலைகீழ். கட்டைவிரல் பின்னால் வளைந்து, பிக்கின் பின் விளிம்பு நரம்பில் படும். ஓசை உருண்டையாக, கரடில்லாமல் வரும். கிட்டார் பயில்கிறவர்கள் இதை 'பென்சன் பிக்கிங்' என்றே சொல்கிறார்கள். பார்த்துச் செய்ய முயன்று கை வலித்து விட்டவர்கள் அநேகம். மான்ட்கோமரியின் ஸ்தாயி ஜோடிக்கு நடுவே இன்னொரு சுரத்தைச் செருகித் தடிமனாக்கியதும் பென்சன் வேலை.

சரி, 1976. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு மாறியிருந்தார். தயாரிப்பாளர் டாமி லிபூமா. ஹாலிவுட்டில் கேப்பிட்டல் ஸ்டூடியோவில் ஜனவரியில் பதிவு. ஆல்பத்தின் பெயர் 'பிரீஸின்'. தலைப்புப் பாட்டு பாபி வோமாக் எழுதிய வாத்திய இசை. மொத்தம் ஆறு பாட்டுகள், அதில் ஐந்தில் குரலே கிடையாது. பாட்டு என்று இருந்தது ஒன்றுதான்: லியான் ரஸ்ஸல் எழுதி 1972இல் தானே பதிவு செய்திருந்த 'திஸ் மாஸ்கரேட்'. ஒருவரை ஒருவர் நேசிக்காமல் நேசிப்பதாக நடித்துக்கொண்டிருக்கும் இருவரைப் பற்றிய பாட்டு. அடியில் ஒரு மைனர் கார்டுக்குள்ளேயே ஒரு சுரம் அரை அரைப் படியாக இறங்கிக்கொண்டிருக்கும்.

பென்சனின் பதிவு எட்டு நிமிடம். வரிகள் வருவதற்கு முன்னாலேயே கிட்டாரும் குரலும் ஒன்றாக வந்துவிடுகின்றன. சொல்லில்லாத அந்த முகப்பு முடிந்துதான் சொற்கள் தொடங்கும். பாட்டின் நடுவில் ஹோர்ஹே டால்டோ என்ற அர்ஜென்டினக் கலைஞரின் பியானோ வருகிறது. அவசரமே இல்லாமல் தொடங்கி, மெல்ல மெல்லச் சூடேறும் வாசிப்பு. இந்தப் பாட்டை பென்சனின் வெற்றி என்று எல்லோரும் சொல்கிறார்கள், டால்டோவின் பெயரை அரிதாகத்தான் சொல்கிறார்கள். வானொலிக்காகச் சுருக்கிய ஒற்றைத் தட்டில் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டது. அதனால் வானொலியில் மட்டும் கேட்ட தலைமுறைக்கு டால்டோ யாரென்று தெரியாமல் போனதில் வியப்பில்லை.

அந்தச் சுருங்கிய தட்டு அமெரிக்காவின் பில்போர்டு பாப் பட்டியலில் முதல் பத்துக்குள் போனது. ஆல்பம் பாப், ஜாஸ், ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) என்று மூன்று பட்டியல்களிலும் முதலிடம். ஒரு ஜாஸ் ஆல்பம் பிளாட்டினம், அதாவது பத்து லட்சம் பிரதி விற்பனையைத் தொட்டது அதுவே முதல் தடவை. அடுத்த வருடம் கிராமி விழாவில் 'ரெகார்ட் ஆஃப் தி இயர்' விருது 'திஸ் மாஸ்கரேட்'டுக்கு. எனவே இரண்டு பென்சன்களைப் பிரிக்கிற அந்தக் கோடு, ஆறில் ஐந்து வாத்திய இசையாக இருக்கும் ஓர் ஆல்பத்தின் மேல் போடப்பட்டிருக்கிறது. இது எனக்கு எப்போதுமே வேடிக்கையாக இருக்கிறது.

ஜாஸில் இப்படி நடப்பதும் புதிதல்ல. நாட் கிங் கோல் முதலில் பியானோக்காரர். 1930களின் கடைசியில் பியானோ, கிட்டார், பேஸ் என்று அவர் அமைத்த மூவர் குழுவைப் பின்பற்றிய பியானோக் கலைஞர்கள் எத்தனையோ பேர். பாட்டு அவரைக் கோடிக்கணக்கானோரிடம் கொண்டுபோனதும், பியானோ போய்விட்டதே என்று ஒரு கூட்டம் அழுதது. பென்சன் கடைசியில் அஞ்சலி ஆல்பம் செய்ததும் அவருக்குத்தான் என்பதைக் கவனியுங்கள்.

கிட்டாரோடு பாடியவர்களில் எனக்கு இன்னும் நெருக்கமானவர் லானி ஜான்சன். 1927இல் டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங் 'ஹாட்டர் தேன் தட்' பதிவு செய்தபோது, ஆம்ஸ்ட்ராங் ஸ்காட் பாட, ஜான்சனின் கிட்டார் அதற்கு வரிக்கு வரி பதில் சொல்லும். குரலும் கிட்டாரும் எதிரெதிரே நின்று பேசிக்கொள்வது ஜாஸில் அப்போதே நடந்துவிட்டது. ஜான்சன் தானும் பாடுவார், 1948இல் ஒரு பெரிய வெற்றிப்பாட்டுகூட அவருக்கு உண்டு. ஆனால் 1950களின் இறுதியில் அவர் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வானொலிக்காரர் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி மேடை ஏறினார். பாடகராக வென்ற பென்சனைக் குறை சொல்லும்போது, இரண்டையும் கையில் வைத்திருந்த ஒரு மேதைக்கு அந்தத் தொழில் என்ன கொடுத்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிரேசிலின் ஜோவோ கில்பெர்டோ வேறு ஜாதி. போசா நோவா என்ற பிரேசில் இசைப்பாணி அவர் விரலில் பிறந்தது என்றே சொல்லலாம். அவரும் கிட்டாரோடு பாடியவர்தான், ஆனால் அவர் குரலும் கிட்டாரும் ஒன்றையொன்று தொடாமல் நடக்கும். கிட்டார் தாளத்தில் நிற்கும், குரல் முந்தியும் பிந்தியும் மிதந்து வந்து எங்கோ ஓரிடத்தில் சேரும். பென்சன் இரண்டையும் ஒட்டவைக்கிறார், கில்பெர்டோ பிரித்துவைக்கிறார். எது கடினம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரவில் கேட்கக் கில்பெர்டோ, அவ்வளவுதான்.

பென்சனுக்குத் திரும்புகிறேன். 1977இல் மேற்கு ஹாலிவுட்டின் ராக்ஸி அரங்கில் கூட்டத்தின் முன் பதிவான 'ஆன் பிராட்வே' அடுத்த பெரிய வெற்றி. 1963இல் டிரிஃப்டர்ஸ் குழு பாடிய பழைய பாட்டு அது. கையில் காசில்லாமல் நியூயார்க் வந்த ஒருவன், கிட்டார் வாசிக்கத் தெரியும் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறான். இதைப் பாடுகிறவர் கையில் நிஜமாகவே கிட்டார் இருந்தால் என்ன ஆகும்? பாட்டில் வரும் வீறாப்பைக் கேட்கிறவர்கள் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். பென்சன் அந்த இடத்தில் நீண்ட நேரம் பாடியபடியே வாசிக்கிறார். கூட்டத்தின் கூச்சலும் பதிவில் இருக்கிறது.

1980இல் 'கிவ் மீ தி நைட்'. தயாரிப்பு குயின்சி ஜோன்ஸ், தலைப்புப் பாட்டை எழுதியவர் ராட் டெம்பர்டன். நடனத் தளத்துக்கான ஆல்பம் என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் அதற்கு வந்த கிராமி விருதுகளைப் பாருங்கள். தலைப்புப் பாட்டுக்கு ஆர் அண்ட் பி பாடகர் விருது. 'ஆஃப் பிராட்வே' என்ற வாத்திய இசைக்கு ஆர் அண்ட் பி வாத்திய விருது. 'மூடிஸ் மூட்'டுக்கு ஜாஸ் பாடகர் விருது. ஒரே ஆல்பம், ஒரே ஆள், மூன்று துறைகள்.

அந்த மூன்றாவதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1949இல் சாக்ஸபோன் கலைஞர் ஜேம்ஸ் மூடி ஸ்வீடனில் ஒரு பழைய காதல் பாட்டை எடுத்துக் கற்பனையாக வாசித்தார். அந்த வாசிப்பின் ஒவ்வொரு சுரத்துக்கும் எடி ஜெஃபர்சன் சொல் போட்டார். கிங் பிளஷர் அதைப் பாடிப் பதிவு செய்தார். அந்த நொடியில் தோன்றியதை ஒரு வாத்தியக்காரர் வாசிக்க, அது சொற்களோடு பாட்டாக மாறியது. வாத்தியமாக யோசித்துக் குரலால் சொல்லத் தெரிந்தவர்களுக்கான சோதனை மாதிரியான பாட்டு இது. பென்சனோடு பெண் குரலாக வருபவர் பாட்டி ஆஸ்டின். குயின்சி ஜோன்ஸ் காலத்து பென்சனை வெறும் வியாபாரி என்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பேசலாம்.

அவர் முதலில் பாடி, மற்றவர்கள் கொண்டுபோன பாட்டுகளும் உண்டு. முகமது அலி நடித்த 1977ஆம் ஆண்டுப் படத்துக்காக 'தி கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்' பாடியது பென்சன். 1986இல் விட்னி ஹூஸ்டன் அதை அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 'நத்திங்ஸ் கோனா சேஞ்ச் மை லவ் ஃபார் யூ'வும் அப்படித்தான். 1985இல் அவர் பாடியது, கிளென் மெடிரோஸ் என்ற இளைஞரின் பாட்டாக உலகமெங்கும் ஒலித்தது. நானும் அதை மெடிரோஸ் குரலில்தான் முதலில் கேட்டேன். நேர்மையாகச் சொன்னால் இந்த மெல்லிசைப் பாட்டுகளில் பென்சன் எனக்குச் சற்று அதிகச் சர்க்கரை. 80களின் நடுவில் வந்த ஆல்பங்களில் கிட்டாரைத் தேட வேண்டியிருக்கிறது. சின்தசைசர் மேகத்துக்குள் எங்கோ எட்டுப் பத்து தாளச் சுற்று வாசித்துவிட்டுப் போய்விடுவார். குறை சொல்கிறவர்கள் பக்கம் நான் சாய்வது இந்த நாலைந்து வருடங்களுக்கு மட்டும்தான். அங்கேயும் என் குறை பாட்டின் மேல் இல்லை, கிட்டாரும் குரலும் தனித்தனியாகிவிட்டதன் மேல்தான்.

அதை அவரும் உணர்ந்தாரோ என்னவோ, 1989இல் பழைய ஜாஸ் பாட்டுகளோடு 'டெண்டர்லி', மறுவருடம் கவுன்ட் பேஸி ஆர்க்கெஸ்ட்ராவோடு ஓர் ஆல்பம். 2006இல் ஆல் ஜாரோவோடு சேர்ந்து 'கிவின் இட் அப்'. ஜாரோ தொண்டையையே வாத்தியமாக்கியவர், பென்சன் வாத்தியத்தோடு தொண்டையைச் சேர்த்தவர். நல்ல ஜோடி. 2009இல் அமெரிக்க அரசின் கலை அமைப்பு அவருக்கு 'ஜாஸ் மாஸ்டர்' கௌரவம் அளித்தது. ஜாஸைவிட்டுப் போனதாகச் சொல்லப்பட்டவருக்கு ஜாஸிலேயே உயர்ந்த விருது.

இதற்கிடையே அவர் பெயரில் ஒரு கிட்டாரும் இருக்கிறது: ஜப்பானிய நிறுவனமான ஐபனெஸ் 1977இல் கொண்டுவந்த ஜிபி10. கூடுள்ள ஜாஸ் கிட்டாரைப் பெரிய மேடையில் பலத்த ஒலிபெருக்கிகளோடு வாசித்தால் ஊளையிட ஆரம்பித்துவிடும். அதைத் தவிர்க்க உடலைச் சிறிதாக்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் முன்னால் பாடியபடியே வாசிக்க வேண்டிய ஒருவரின் தேவையிலிருந்து பிறந்த வடிவம். பல பத்தாண்டுகள் கடந்தும் அது தயாரிப்பிலிருந்து போகவில்லை.

2024இல் ஓர் ஆல்பம் வந்தது. 1989இல் லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவோடு, ராபர்ட் ஃபார்னன் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வகுத்துத் தந்த வடிவில் பதிவு செய்து வெளியிடாமல் கிடந்தவை. நாற்பத்தாறு வயதுக் குரல், நல்ல உச்சத்தில். முன்பு சொன்ன சர்க்கரை இங்கேயும் இருக்கிறது, ஆனால் வயலின்கள் தாங்கும் அளவுக்கு.

பென்சனை இதுவரை கேட்டதில்லை என்கிறவர்கள் முதலில் 1966ஆம் ஆண்டு ஆல்பத்தின் 'சம்மர்டைம்', அப்புறம் எட்டு நிமிட 'திஸ் மாஸ்கரேட்', அப்புறம் 'மூடிஸ் மூட்' என்று இந்த வரிசையில் கேளுங்கள். சுருக்கிய பதிப்பு வேண்டாம், டால்டோவின் பியானோ அதில் கிடைக்காது.